சூடேறிய பின் திணறும் இயந்திரம்

உடப்புக் கரையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று செய்திகளோடு நிறுத்திக் கொள்கின்றனர். கரைவலை ஒன்று, அவ்வலையை இழுப்போர் பாடும் அம்பா மற்றொன்று, ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் ஆலயத்தில் நிகழும் தீமிதிப்பு மூன்றாவது. இவை எழுதத் தக்கவையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்று அக்கரையில் விடியுமுன் எழும் ஒலி அம்பா அன்று. கயிற்றைச் சுண்டி இழுத்ததும் இருமி, இரண்டாம் முறை இழுத்ததும் உறுமி எழும் இயந்திரத்தின் ஒலியே அது. மீனவர் வாழ்வில் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கலந்துவிட்ட இவ்வொலிக்கும் ஒரு வரலாறு உண்டு. பாட்டைச் சேகரித்த அளவுக்கு நாம் அதனைச் சேகரிக்கவில்லை. பாட்டு மறைந்துவிடும் என்ற அச்சம் நமக்கு இருந்தது. இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் மனிதனின் அறிவும் மறையக் கூடியதே என்ற நினைவு நமக்கு எழவில்லை.

அவ்வறிவின் ஒரு சிறு பகுதியையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். கரையில் நன்றாக ஓடிய இயந்திரம், கடலில் அரை மணி நேரம் சென்றதும், சூடேறியதும், திணறத் தொடங்குகிறது. வலு குறைகிறது; விட்டுவிட்டு வெடிக்கிறது; ஈற்றில் நின்றும் விடுகிறது. ஆறவிட்டு இழுத்தால் மீண்டும் ஓடுகிறது. இந்நோயின் காரணம் யாது? இது பட்டறைக் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் இதற்கு விடை தேடப் புகுந்தால் எண்ணெய் விலையும் அரசின் கொள்கையும் கடனும் பங்கும் என ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கக் காண்கிறோம்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், மேற்கே கடலும் கிழக்கே முந்தல் களப்புமாக, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில் அமைந்தது உடப்பு. தமது முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர் என்பது இம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. துறைமுகம் என்று சொல்லத்தக்கது எதுவும் இங்கில்லை. திறந்த கரை; அலை நேரே வந்து மோதும் மணல். வள்ளத்தை மணலிலிருந்து தள்ளி இறக்க வேண்டும். மீண்டதும் மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். இந்தப் புவியியல் உண்மையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். எத்தகைய இயந்திரம் இங்கு வரலாம், அது எவ்வாறு நோயுறும் என்பதனை இதுவே பெரிதும் தீர்மானித்தது.

கரைவலைக்கு இயந்திரம் வேண்டியதில்லை. தோணியில் வலையை ஏற்றித் துடுப்பு வலித்துச் சென்று, பாட்டை வளைத்து இறக்கி, இரு புறமும் ஆட்கள் நின்று கரைக்கு இழுக்கும் தொழில் அது. அதற்கு வேண்டியது மனிதத் தோள். தோள்களை ஒரே தாளத்தில் அசைப்பதற்கு அம்பா. வலைக்கும் பாட்டுக்கும் உரிமையாளர் சம்மாட்டி, இழுப்போர் பங்குக்காரர். உற்பத்திச் சாதனம் ஒருவர் கையிலும் உழைப்புப் பலர் கையிலும் இருந்த அமைப்பு இயந்திரம் வருமுன்பே இங்கு நிலைபெற்றிருந்தது. இயந்திரம் அதனை உடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நைலோன் நூலால் ஆன செவுள்வலை பரவியதும், ஆழ்கடலுக்குச் சென்று வலைவிட்டுத் திரும்புவது ஆதாயம் தரும் தொழிலாயிற்று. சம்மாட்டியின் பாட்டுக்கு அப்பால் கடல் எவர்க்கும் பொதுவாக விரிந்து கிடந்தது. ஆனால் அத்தொலைவுக்குத் துடுப்போ பாயோ மட்டும் போதவில்லை.

இலங்கைக் கடலில் மீன்பிடிக்கு இயந்திரம் வந்த வரலாறு கரையோர ஏழையிடமிருந்து தொடங்கவில்லை. 1920ஆம் ஆண்டுக்குப் பின் 'லில்லா' என்னும் இழுவைக் கப்பல் நாட்டைச் சூழ்ந்த கடல் மேடைகளை ஆராய்ந்தது. அது குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் மேடை போன்ற தொலைக் களங்களை நோக்கிய முயற்சி. கொழும்புச் சந்தைக்கு மீன் கொணர்வதே அதன் நோக்கம். 1941இல் மீன்பிடித் திணைக்களம் தோன்றிற்று. சுதந்திரத்தின் பின் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இயந்திரக் கலங்களைத் தந்தது. 1950களில் பாரம்பரிய வள்ளங்களில் இயந்திரம் பொருத்திப் பார்க்கும் பரிசோதனைகள் நடந்தன. 1958 முதல் உள்ளிணைப்பு டீசல் இயந்திரம் கொண்ட மூன்றரைத் தொன் படகுகள் தவணைக் கடனில் மீனவர்க்கு வழங்கப்பட்டன. 1964இல் இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. வடக்கே காரைநகரில் நோர்வே மக்களின் உதவியோடு சீநோர் படகுத் தொழிற்சாலை எழுந்தது. கேரளத்தின் நீண்டகரையில் 1953இல் தொடங்கிய இந்திய - நோர்வேத் திட்டம் இதே காலப்போக்கின் மற்றொரு கிளை.

மூன்றரைத் தொன் படகு நங்கூரமிட்டு நிற்பதற்கு அமைதியான நீர் வேண்டும். களப்பு வாய்களும் துறைகளும் உள்ள ஊர்களுக்கு அது வரப்பிரசாதம். உடப்பைப் போன்ற திறந்த கரைக்கு அது எட்டாத கனி. எனவே அத்தகைய கரைகளுக்குரிய இயந்திரமாக அமைந்தது, வள்ளத்தின் பின்னணியத்தில் மாட்டி, கரை சேர்ந்ததும் கழற்றித் தோளில் சுமந்து செல்லத்தக்க வெளியிணைப்பு இயந்திரமே. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909இல் மில்வோக்கி நகரில் இதனை விற்கத் தொடங்கினார். ஏரியில் உல்லாசமாகப் படகு ஓட்டுவோர்க்காகப் பெருகிய இப்பொருள், அரை நூற்றாண்டுக்குப் பின் ஆசிய மீனவன் சோறு தேடும் கருவியாயிற்று. யப்பானின் யமஹா நிறுவனம் தன் முதல் வெளியிணைப்பு இயந்திரத்தை 1960இல் வெளியிட்டது. 1960களின் பிற்பகுதியிலிருந்து கண்ணாடியிழைப் படகும் யப்பானிய இயந்திரமும் சேர்ந்தே இலங்கைக் கரையெங்கும் பரவின. 'பைபர் வள்ளம்' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர்.

இனி எண்ணெயின் கதை. வெளியிணைப்பு இயந்திரம் பெற்றோலுக்கென்று பிறந்தது. 1973இன் இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அந்நியச் செலாவணி வறண்டிருந்த இலங்கையில் அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடும் கடுமையாக இருந்தது. பெற்றோல் பணக்காரரின் மோட்டார் வண்டிக்குரியது என்றும், மண்ணெண்ணெய் ஏழையின் விளக்குக்குரியது என்றும் அரசு கருதிற்று. ஆகவே பின்னதன் விலை தாழ்த்தி வைக்கப்பட்டது. 1979இல் உணவு முத்திரையோடு மண்ணெண்ணெய் முத்திரையும் வழங்கப்பட்டதை மூத்தோர் நினைவுகொள்வர். விளக்குக்கு வந்த எண்ணெயை மீனவன் இயந்திரத்துக்கு வார்த்தான். யப்பானிய உற்பத்தியாளரும் மண்ணெண்ணெயில் ஓடத்தக்க இயந்திரங்களைச் செய்து வறிய நாடுகளின் கரைகளுக்கு அனுப்பினர்.

இதில் புதுமை இல்லை. 1917இல் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரம் மண்ணெண்ணெயிலேயே ஓடியது. விலை குறைந்த எண்ணெயை நாடும் உழைப்பாளியின் கணக்கு வயலிலும் கடலிலும் ஒன்றே. ஆனால் மலிவான எண்ணெய் தன் விலையை வேறு வழியில் வாங்கிக்கொள்கிறது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறன்று, சூடான உலோகத்தைத் தொட்டாலன்றி அது எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே இயந்திரத்தைப் பெற்றோலில் எழுப்பி, சில நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி, அதன் பின்னரே மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். கரை சேருமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றரில் நிற்கும் மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். இல்லையேல் மறுநாள் விடியலில் கயிறு இழுத்துக் கை ஓயும். மேலும் மண்ணெண்ணெய் பெற்றோலினும் எளிதில் முட்டி வெடிக்கும் இயல்பினது. அதனால் மண்ணெண்ணெய் இயந்திரத்தின் அமுக்கத்தைக் குறைத்தே அமைப்பர். பெற்றோல் இயந்திரத்தில் மாற்றம் எதுவும் செய்யாது மண்ணெண்ணெயை வார்த்தால் பிஸ்ரனின் தலை கருகும்.

இங்கேதான் முரண்பாடு தோன்றுகிறது. இவ்வியந்திரத்துக்குச் சூடு வேண்டும். சூடு இல்லையேல் எண்ணெய் எரியாது, கரி படியும். ஆனால் சூடு மிஞ்சினால் பிஸ்ரன் விரிந்து சிலிண்டரில் இறுகும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய எல்லைக்குள்ளேயே இது வாழ வேண்டும். பெற்றோல் இயந்திரத்துக்கு உள்ள தாராளம் இதற்கில்லை. வறியவனுடைய இயந்திரம் வறியவனைப் போலவே சிறு பிழையையும் தாங்க மாட்டாதது.

சூடேறிய பின் திணறும் நோய்க்கு ஒரு காரணம் மட்டுமில்லை. முதலில் குளிர்ச்சி. இவ்வியந்திரம் தன் காலால் கடல்நீரை உறிஞ்சி உடலைச் சுற்றி ஓட்டித் தன்னைக் குளிர்விக்கிறது. உறிஞ்சுவது காலுக்குள் சுழலும் இறப்பர் இதழ்ச் சில்லு. அலை உடைக்கும் ஆழமற்ற நீரில் இயந்திரத்தை எழுப்பும்போது, நீரோடு மணலும் ஏறுகிறது. துறைமுகத்துப் படகுக்கு இத்துன்பம் இத்துணை இல்லை. உடப்பின் வள்ளத்துக்கு நாள்தோறும் உண்டு. இதழ்கள் தேய்கின்றன. நீர் செல்லும் வழிகளில் உப்பு உறைகிறது. ஒவ்வொரு நாளும் நன்னீரில் ஓட்டிக் கழுவ வேண்டும் என்பது விதி. உவர்நீர் சூழ்ந்த கரையில் நன்னீர் வீட்டுக் குடத்துக்கும் இயந்திரத்துக்கும் பொதுவானது என்பதை விதி எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். இயந்திரத்தின் பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை ஒன்று பாய்ந்துகொண்டிருக்கும். அனுபவமுள்ள வள்ளக்காரன் அடிக்கடி திரும்பி அத்தாரையைப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். அது மெலிந்தாலும் கை பொறுக்காத அளவு சுட்டாலும் அவன் உடனே வலுவைக் குறைப்பான்.

அடுத்தது தீப்பொறி. கொயிலினுள் தலைமயிர் போன்ற கம்பி பல்லாயிரம் சுற்றுச் சுற்றப்பட்டிருக்கும். எங்கேனும் ஒரு மயிரிழை விரிசல் கண்டிருந்தால், குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும்; சூட்டில் விலகும். மேலுறையில் நுண்ணிய பிளவு இருந்தாலும், சூடேறியதும் மின் அதன் வழியே ஒழுகிவிடும். பழைய இயந்திரங்களில் இருந்த கொண்டென்சரும் இவ்வாறே சூட்டில் கைவிடும். ஆறியதும் எல்லாம் பழையபடி. நின்ற கணத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பொறி பார்ப்பவனே இதைக் கண்டுகொள்வான். கரையேறி, தேநீர் அருந்தி, ஆறிய பின் பார்ப்பவனுக்கு நீலப்பொறி நன்றாகவே பாயும், அவன் ஏமாறுவான். மூன்றாவதாக, தேய்ந்த றிங்குகளும் கிராங் தண்டின் இறப்பர் அடைப்புகளும். சூட்டில் எண்ணெய் இளகியதும் அமுக்கம் ஒழுகும்; அடைப்பு வழியே புறக்காற்று புகுந்து எரிபொருட் கலவையை நலிவிக்கும். மசகெண்ணெய் விலை ஏறிய காலங்களில், கலக்க வேண்டிய அளவினும் குறைத்துக் கலப்போரிடையே இந்நோய் கூடுதல். எட்டுக் குதிரைவலு இயந்திரத்தைப் பதினைந்து வேண்டிய வள்ளத்தில் மாட்டிச் சுமையேற்றி ஓட்டுவதும் இவ்வகையே. சிறிய இயந்திரத்தை வாங்கியது அறியாமையால் அன்று. கடன் அவ்வளவே கிடைத்தது.

இவற்றுள் எது காரணம் என்று பிரித்தறிவதற்குக் கரையோர வல்லுநர் கையாளும் முறை, அளவைநூல் பயின்றோர் முறைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. திணறும் போதே பெற்றோலுக்குத் திருப்பிப் பார்க்கின்றனர். பெற்றோலில் தெளிந்து ஓடினால் குற்றம் மண்ணெண்ணெயிலோ அது வரும் வழியிலோ அமுக்கத்திலோ இருக்க வேண்டும். இரண்டிலும் திணறினால் பொறியையும் குளிர்ச்சியையும் தேட வேண்டும். எண்ணெய்க் குழாயிலுள்ள இறப்பர்க் குமிழை அமுக்கிப் பார்க்கின்றனர்; அமுக்கியதும் உயிர்த்தால் எண்ணெய் வந்து சேரவில்லை என்பது தெளிவு. கொயிலில் ஐயம் எழுந்தால் அதனைக் கழற்றி மிதமாகச் சூடாக்கி, கடலின் வெப்பத்தைக் கரைக்குக் கொண்டுவந்து சோதிக்கின்றனர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல், நோய் வெளிப்படும் நிலையிலேயே நாடி பார்த்தல் என்னும் இரு விதிகளையும் எவரும் இவர்களுக்கு ஏட்டில் எழுதித் தரவில்லை. இயந்திரத்தோடு வந்த கைநூல்கள் ஆங்கிலத்தில் வந்தன. 1970களில் உதிரிப்பாகம் கிடைக்காத பஞ்ச காலமே பலருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. புதிய உறுப்பை வாங்க முடியாதவன் பழைய உறுப்பை ஆராய்ந்தே தீர வேண்டியிருந்தது. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. உறுப்புகள் கடைகளில் குவிந்தன. அதனோடு, ஆராயாமல் கழற்றி மாற்றும் பழக்கமும் வந்து சேர்ந்தது. இது முழுத் தீமை என்று நாம் சொல்லவில்லை. உறுப்பின்றி மாதக்கணக்கில் கரையில் கிடந்த இயந்திரங்களையும் நாம் மறக்கவில்லை.

நோயுற்ற இயந்திரத்தின் செலவை யார் சுமக்கின்றனர்? இக்கரைகளில் பெரும்பாலும் மீன் விற்ற பணத்திலிருந்து எரிபொருட் செலவு முதலில் கழிக்கப்படுகிறது. மீதியே உரிமையாளருக்கும் ஆட்களுக்குமாகப் பிரிகிறது. திணறும் இயந்திரம் அதே தொலைவுக்கு அதிக எண்ணெய் குடிக்கும். அந்த மிகுதி, இயந்திரத்தில் ஓர் ஆணி கூடச் சொந்தமில்லாத கூலியாளின் பங்கையும் தின்கிறது. தன் பங்கு ஏன் சுருங்கிற்று என்று அவன் அறிய மாட்டான். மீன் குறைந்துவிட்டது என்றே நினைப்பான்.

எண்ணெய் விலை ஏறிய ஆண்டுகளில் இது உயிர்ப்பிரச்சினையாயிற்று. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து உடப்புக்குத் தெற்கே சிலாபத்தில் மீனவர் வீதிக்கு இறங்கினர். துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். சிங்களத் தொழிலாளி சிந்திய அக்குருதி உடப்பின் தமிழ்த் தொழிலாளியின் எண்ணெய்க்காகவும் சிந்தப்பட்டதே. விலைப்பட்டியல் இனம் பார்ப்பதில்லை. பத்தாண்டு கழித்து, நாடே முடங்கிய 2022ஆம் ஆண்டில், முதலில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, வரிசைகளே நீண்டன. பின்னர் ஓகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. ஏழையின் விளக்கெண்ணெய் என்ற பெயரால் அரை நூற்றாண்டாகத் தாழ்ந்து நின்ற விலை, அவ்வெண்ணெயை நம்பி இயந்திரமும் கடனும் வாங்கியோரை நட்டாற்றில் விட்டு ஏறிற்று. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் குதிரைவலுவுக்கே வரம்பு விதிக்கப்பட்டிருந்ததையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். அங்கு சிறிய இயந்திரத்தைக் கடனும் விதித்தது, கட்டளையும் விதித்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கச்சான் ஓய்ந்து கடல் தணிந்திருந்த மாதமொன்றில், நாம் அக்கரையில் சில நாட்கள் தங்கியிருந்தோம். ஒரு வள்ளத்தின் இயந்திரம் மும்முறை நகரத்துப் பட்டறை ஒன்றுக்குப் போய் வந்திருந்தது. முதன்முறை பிளக் மாற்றினர். இரண்டாம் முறை காபரேற்றரின் உட்பாகங்கள். மூன்றாம் முறை கொயில். ஒவ்வொரு முறையும் தண்ணீர்ப் பீப்பாவில் இறக்கி ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினர். நன்றாகவே ஓடிற்று. கடலில் அரை மணி நேரத்தில் திணறிற்று.

ஈற்றில் ஊரிலுள்ள முதியவர் ஒருவரை வள்ளக்காரர் அழைத்தார். அவர் கரையில் இயந்திரத்தைத் தொடவே இல்லை. "தம்பி, நோயாளி கடல்லதான் படுக்கிறான் எண்டால் நானும் அங்கதானே வரவேணும்" என்று சொல்லி, விடியலில் வள்ளத்தில் ஏறி அமர்ந்தார். திரும்பி வந்ததும் நடந்ததைக் கேட்டறிந்தோம். மண்ணெண்ணெய்க்குத் திருப்பி இருபது நிமிடம் வரை அவர் பேசாதிருந்தார்; நீர்த்தாரையில் விரலை வைத்துப் பார்த்தார்; சூடு அளவாகவே இருந்தது. திணறத் தொடங்கியதும் குமிழை அமுக்கினார், இயந்திரம் தெளிந்தது. பெற்றோலுக்குத் திருப்பினார், அதிலும் தெளிவாக ஓடியது. பின்னர் மண்ணெண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திருகித் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியிலுள்ள காற்றுத் துளை உப்பும் அழுக்கும் சேர்ந்து அடைபட்டிருந்தது. எண்ணெய் வெளியேற வெளியேற உள்ளே காற்றுப் புகவில்லை. வெற்றிடம் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டது. அது சூட்டின் நோயே அன்று. இயந்திரம் சூடேறும் நேரமும் தாங்கியில் வெற்றிடம் முற்றும் நேரமும் ஒத்துவந்தமையால் அவ்வாறு தோற்றம் காட்டிற்று. பட்டறைப் பீப்பாவில் ஓட்டிய ஐந்து நிமிடமும் பெற்றோலிலேயே ஓட்டினர் என்பதும் விசாரித்தபோது தெரிந்தது.

வலை தைக்கும் ஊசியின் நுனியால் துளையைக் குத்தித் திறந்தாராம். கூலி வாங்க மறுத்துவிட்டார். அன்று அகப்பட்ட மீனில் இரண்டை மட்டும் ஓலைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பிளக், காபரேற்றர் உறுப்புகள், கொயில் மூன்றின் விலையும் வள்ளக்காரர் மீன் முதலாளியிடம் பட்டிருந்த கடனோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தது. அதனைத் தீர்க்கும் வரை மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.